பொதுநிலத்து மான்களும் பொதுநிதியும்

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்னும் பழமொழியை அறியாதார் இலர். எல்லோருக்கும் உரிமையான பொருளை ஒருவரும் தம்முடையதாகப் பேணுவதில்லை; எடுக்க மட்டும் எல்லோரும் முந்துவர். மேய்ச்சல் புறம்போக்கு கட்டாந்தரையாவதும், ஏரிமீன் குஞ்சிலேயே அரிக்கப்படுவதும் இக்காரணத்தினாலேயே. இந்நோய்க்கு மருந்து உண்டா என்பது ஐக்கிய சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் சிந்திக்கத்தக்க விஷயம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பொதுநிலங்களில் மான் வேட்டையாடும் ஜனங்கள் தாங்களே அழித்த மந்தையைத் தங்கள் பணத்தாலும் கட்டுப்பாட்டாலும் மீட்ட வரலாறு இவ்விஷயத்தில் ஒரு நல்ல பாடமாகும். கொல்லாமையை விரதமாகக் கொண்டோருக்கு வேட்டை உவப்பாயிராது. ஆயினும் இங்கே கவனிக்க வேண்டியது துப்பாக்கியை அன்று. பொதுச்சொத்தைக் காத்த ஏற்பாட்டையே.

மான் அருகிய காலம்

அந்நாட்டின் கீழ்ப்பாகத்திலுள்ள பென்ஸில்வேனியா இராஜ்யத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் விஸ்தீரணம் சுமார் 46,000 சதுரமைல். தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறியது. அங்கு வாழும் மானுக்கு வெள்ளைவால் மான் என்று பெயர். பயந்து ஓடும்போது வாலைத் தூக்கி அதன் அடிப்புறத்து வெண்மையைக் காட்டுவதால் அப்பெயர் வந்தது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அங்கே மானுக்குக் கணக்கும் இல்லை, காவலும் இல்லை. வயிற்றுக்கு வேட்டையாடியவர் சிலர். சந்தைக்கு வேட்டையாடியவர் பலர். இறைச்சியும் தோலும் இரயில் மார்க்கமாகப் பட்டணங்களுக்குச் சென்று விலையாயின. நாய்களை ஏவித் துரத்துவதும், உப்பு வைத்து அதை நக்க வரும் மானை மறைந்திருந்து சுடுவதும் வழக்கமாயிருந்தன. அதே காலத்தில் மரவியாபாரிகள் காடுகளை மொட்டையடித்தனர். 1900-ஆம் ஆண்டு வாக்கில் ஐக்கிய நாடுகள் முழுவதிலும் எஞ்சியிருந்த வெள்ளைவால் மான்கள் சுமார் 5 லட்சத்திற்கு மேற்படா என்று மதிக்கப்படுகிறது. பென்ஸில்வேனியாவின் பல ஜில்லாக்களில் மானின் அடிச்சுவடு காண்பதே அரிதாயிற்று.

இதில் ஒரு உண்மை புலனாகும். வேட்டையாடியவர்களில் எவரும் மானினத்தை அழிக்க எண்ணியவரல்லர். "நான் விட்டால் அடுத்தவன் சுடுவான்" என்று ஒவ்வொருவரும் கருதினர். அவ்வளவே. அந்த ஒரு எண்ணமே மந்தையை அழித்தது.

கட்டுப்பாடு பிறந்த விதம்

1895-இல் அவ்விராஜ்யத்தார் வேட்டைப் பிராணிகளைப் பராமரிக்க ஒரு கமிஷனை ஸ்தாபித்தனர். 1897-இல் மானைப் பிடிக்க நாயை ஏவுவதும் உப்பு வைப்பதும் சட்டத்தால் தடுக்கப்பட்டன. 1900-இல் தேச சர்க்கார் லேஸி சட்டத்தை இயற்றி, ஒரு இராஜ்யத்தில் சட்டவிரோதமாகக் கொன்ற வேட்டைப் பிராணியை மற்றொரு இராஜ்யத்திற்குக் கொண்டுசெல்வதைக் குற்றமாக்கினர். சந்தைக்கு மான் போவது நின்றது. 1906 முதல் மிச்சிகன் முதலிய இடங்களிலிருந்து மான்களை விலைக்கு வாங்கிக் காடுகளில் விட்டனர். 1907-இல், கொம்புள்ள ஆண்மானைத் தவிரப் பெண்மானைச் சுடலாகாது என்று விதித்தனர்.

இவை எளிதில் நடந்தேறியவை அல்ல. காட்டை அடுத்த கிராமத்தார் காவற்காரரைப் பகைவராக எண்ணினர். 1906-ஆம் ஆண்டில் மட்டும் கமிஷன் காவலர் பலர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, சிலர் உயிரிழந்தனர். சட்டம் மட்டும் போதாது, அதனால் தமக்கு நன்மையுண்டு என்ற நம்பிக்கையும் ஜனங்களுக்கு வேண்டும் என்பதைக் கமிஷனார் உணர்ந்தனர். கமிஷனின் காரியதரிசியாக நெடுங்காலம் உழைத்த டாக்டர் ஜோஸப் கால்பஸ் என்பவர், வேட்டையாடுகிறவர்களே மந்தையின் செலவைத் தாங்க வேண்டும் என்று ஓயாது வாதாடினார். 1913-இல் அது சட்டமாயிற்று. இராஜ்யவாசி ஒவ்வொருவரும் வருஷத்திற்கு ஒரு டாலர் செலுத்தி லைசென்ஸ் பெற்ற பின்னரே வேட்டைக்குச் செல்லலாம்.

ஒரு டாலர் அற்பத் தொகையே. ஆனால் அதைச் செலுத்தியவன் மனம் மாறியது. அதுவரை காட்டு மான் யாருடையதோ. இப்போது தானும் பங்குத்தொகை கட்டிய சொத்து. களவாய்ச் சுடுபவனைக் கண்டால் "நமக்கென்ன?" என்று ஒதுங்கியவர் இப்போது காவலருக்குத் தகவல் சொல்ல முன்வந்தனர்.

இப்பணத்தைக் கொண்டு கமிஷனார் நிலம் வாங்கத் தொடங்கினர். 1920-இல் வாங்கிய முதல் நிலத்திலிருந்து படிப்படியாக வளர்ந்து, இராஜ்ய வேட்டை நிலங்கள் என வழங்கும் இப்பொதுநிலம் சுமார் 15 லட்சம் ஏகராவை எட்டியுள்ளது. இஃதன்றி இராஜ்யக் காடுகள் சுமார் 22 லட்சம் ஏகராவும், 1923-இல் ஏற்பட்ட அலிகேனி தேசியக் காடு சுமார் 5 லட்சம் ஏகராவும் உண்டு. சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாத கூலியாளும் லைசென்ஸ் பெற்று இந்நிலங்களில், பண்ணைக்காரனுக்குச் சமமாக, வேட்டையாடலாம்.

நிதிக்கு இட்ட வேலி

பணம் சேருவது ஒரு காரியம். சேர்ந்த பணம் வேறு வழியில் ஓடாதிருப்பது மற்றொரு காரியம். ஐக்கிய சங்கங்களின் அனுபவமும் இதுவே. சேமநிதியில் கை வைத்த சங்கம் நிமிர்ந்ததில்லை.

1937-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட பிட்மன்-ராபர்ட்ஸன் சட்டம் இவ்விஷயத்தில் பெரும் உதவி செய்தது. வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் நூற்றுக்கு 11 வீதமான வரி, பொதுக் கஜானாவில் கலவாமல் காட்டுப் பிராணிகளின் விருத்திக்கே ஒதுக்கப்பட்டது. உற்பத்தியாளர் அதைச் செலுத்துகின்றனர். விலையில் சேர்ந்து வாங்குபவரைச் சாருகிறது. இந்நிதி, இராஜ்யத்தின் விஸ்தீரணத்தையும் லைசென்ஸ் பெற்றோர் தொகையையும் அனுசரித்து இராஜ்யங்களுக்குப் பங்கிடப்படுகிறது. திட்டச் செலவில் நான்கில் மூன்று பங்கு வரை தேச சர்க்கார் கொடுப்பர். எஞ்சிய பங்கை இராஜ்யம் போட வேண்டும்.

இதில் ஒரு நிபந்தனை மிகவும் கவனிக்கத்தக்கது. வேட்டைக்காரர் செலுத்தும் லைசென்ஸ் கட்டணத்தைப் பிராணி பராமரிப்பு இலாகாவின் வேலையைத் தவிர வேறெதற்கும் செலவிடுவதில்லை என்று சட்டம் இயற்றாத இராஜ்யத்திற்கு இந்நிதியில் ஒரு காசும் கிடையாது. பாலம் கட்டவோ பற்றாக்குறையை நிரப்பவோ அந்தப் பணத்தைத் தொடலாகாது. தொட்டால் மேல்வரும்படி நின்றுவிடும். அதனால் ஆட்சி மாறினும் நிதி மாறுவதில்லை. மான் திரும்பியதற்குச் சட்டமும் காவலும் காரணமாயின. வெட்டப்பட்ட காடு மீண்டும் தழைத்து, தாழ்ந்த தளிர்களாகிய தீனி பெருகியதும் ஒரு காரணமே. எனினும் இடையறாது நடந்த வேலைக்கு இந்த வேலியிட்ட நிதியே ஆதாரம். அந்நாடு முழுவதிலும் இப்போது வெள்ளைவால் மான்கள் சுமார் 3 கோடி உள்ளன என மதிக்கப்படுகிறது.

ரைபிளும் வாய்வழிக் கெட்டிப்புத் துப்பாக்கியும்

அங்கே மான் வேட்டைக்கு ஆயுதவாரியாகத் தனித்தனிப் பருவங்கள் குறிக்கப்பட்டுள்ளன. வில்லுக்கு ஒரு பருவம், ரைபிளுக்கு ஒரு பருவம், வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு ஒரு பருவம். இதன் கருத்தை அறிய, இரண்டு துப்பாக்கிகளின் பேதத்தை அறிதல் அவசியம்.

ரைபிளின் குழலுக்குள் திருகுப் புரியாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றில் உராய்ந்து பம்பரம்போல் சுழன்று வெளிப்படுவதால் நெறி தவறாமல் செல்லும். மருந்தும் குண்டும் பற்றுமருந்தும் ஒரே தோட்டாவில் அடங்கியிருப்பதால் அடுத்த வெடிக்கு இரண்டொரு விநாடி போதும். கைதேர்ந்தவன் 200 கஜத்திற்கு அப்பாலுள்ள மானையும் வீழ்த்துவான். தவறிய குண்டோ இரண்டு மைலுக்கு மேலும் பாயக்கூடும்.

வாய்வழிக் கெட்டிப்புத் துப்பாக்கி தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி என்று அறியப்படுவதன் இனத்தைச் சேர்ந்தது. அளந்த கருமருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, துணியில் பொதிந்த ஈயக் குண்டைக் கோலால் இடித்து, மருந்தின்மேல் அழுந்த இருத்த வேண்டும். பென்ஸில்வேனியாவில் வழங்கும் பழைய முறைத் துப்பாக்கியில், சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் மோதித் தீப்பொறி விழும். அது சிறு கிண்ணத்திலுள்ள பற்றுமருந்தைக் கொளுத்தும். அந்தத் தீ துவாரத்தின் வழியே உள்ளே சென்று மருந்தை வெடிக்கச் செய்யும். தூறல் பட்டால் பற்றாது. ஒரு வெடிக்குப் பின் மறுபடி கெட்டிக்க அரை நிமிஷத்திற்கு மேலாகும். மான் 100 கஜத்திற்குள் இருத்தல் நலம். 18-ஆம் நூற்றாண்டில் அவ்விராஜ்யத்தில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் நீண்ட குழலுடைய இத்தகைய துப்பாக்கிகளைச் செய்வதில் பேர்பெற்றவர்கள்.

1974-இல் கமிஷனார் இத்துப்பாக்கிக்கெனத் தனிப் பருவத்தை ஏற்படுத்தினர். கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பின் வரும் குளிர்காலப் பருவத்தில் இன்றும் கல் மூட்டும் துப்பாக்கியையே உபயோகிக்க வேண்டும். இஃது ஏதோ பழமை மோகம் என்று எண்ணற்க. ஆயுதம் மெதுவானதாயின், பலர் பல நாள் காட்டில் உலாவினும் விழும் மான்கள் சிலவே. ஏரியில் வலைக்கண்ணின் அளவைப் பெரிதாக்கிக் குஞ்சுகளைத் தப்பவிடுவதும் இதே தத்துவம். வருகிறவரைத் தடுக்காமல் கருவியைத் தடுத்ததால், அனுபவம் பலருக்கும் கிட்டியது, மந்தையும் குறையவில்லை.

அனுசரிக்க வேண்டிய விதிகள்

பொதுநிலத்தில் ஒருவன் அறியாத பத்துப் பேர் ஒரே சமயத்தில் துப்பாக்கியுடன் உலாவுவர். ஆகையால் விதிகள் கண்டிப்பானவை. அவற்றில் முக்கியமானவை வருமாறு.

(1) முதன்முறை லைசென்ஸ் பெறுபவர் பயிற்சி வகுப்பில் தேற வேண்டும்.

(2) துப்பாக்கிப் பருவத்தில் தலை, மார்பு, முதுகு மூன்றிலும் சேர்ந்து 250 சதுர அங்குலத்திற்குக் குறையாமல், பளிச்சிடும் ஆரஞ்சு வர்ண உடை எப்பக்கமும் தெரியும்படி இருக்க வேண்டும். மான் கண்ணுக்கு அவ்வர்ணம் எடுப்பாய்த் தோன்றாது. மனிதன் கண்ணுக்கு வெகுதூரத்தில் தெரியும்.

(3) குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 150 கஜத்திற்குள், குடியிருப்போர் அனுமதியின்றித் துப்பாக்கி வேட்டை கூடாது.

(4) கொன்ற மானை இடம் பெயர்க்குமுன் லைசென்ஸுடன் கொடுக்கப்பட்ட சீட்டைப் பூர்த்திசெய்து கட்ட வேண்டும். பின்னர் குறித்த கெடுவுக்குள் கமிஷனுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

இவை சட்ட விதிகள். சட்டத்திற்கு மேற்பட்ட விவேக விதிகளும் உள. அசையும் புதரை நோக்கிச் சுடலாகாது; மான் என்று ஐயமறத் தெரிந்தபின்பே விசையில் விரல் வைக்க வேண்டும். மானுக்குப் பின்னால் குண்டைத் தாங்க மண்மேடு உண்டா என்று பார்க்க வேண்டும். மலைமுகட்டில் வானத்தைப் பின்னிட்டு நிற்கும் மானைச் சுடுபவன் அப்பாலுள்ள கிராமத்தைச் சுடுபவனாவான். வாய்வழித் துப்பாக்கியில் மருந்துக் கொம்பிலிருந்து நேரே குழலில் கொட்டலாகாது. உள்ளே கனல் எஞ்சியிருந்தால் கொம்பு முழுவதும் கையிலேயே வெடிக்கும். அளவுக் கிண்ணத்தில் எடுத்தே கொட்ட வேண்டும். கெட்டித்ததை மறந்து மறுமுறையும் கெட்டித்தால் குழல் பிளக்கும். ஆதலால் இடிக்கும் கோலில் அடையாளம் இட்டு அளந்து பார்ப்பது வழக்கம். வெடி பற்றாதபோது உடனே குழலைத் திருப்பாமல், வெறுந் திசையை நோக்கியபடியே ஒரு நிமிஷமேனும் காத்திருக்க வேண்டும்.

பெருக்கத்தால் வந்த கேடு

மந்தை அழிந்தபோது எல்லோரும் ஒரு மனத்தினராயினர். மந்தை பெருகியபோதுதான் பெரிய வழக்கு எழுந்தது. பெண்மானைச் சுடாதே என்று தலைமுறையாகப் போதிக்கப்பட்ட ஜனங்கள் அதையே தருமமாகக் கொண்டனர். பெண்மான் தடையின்றிப் பெருகிற்று. விளைந்த கதிரும் பழத்தோட்டத்துத் தளிரும் நாசமாயின. குடியானவர் முறையிட்டனர். குளிர்காலத்தில் தீனியின்றி மான்களே பட்டினியால் மடிந்தன. 1928-இல் கமிஷனார் அவ்வருஷத்திற்கு ஆண்மான் வேட்டையை நிறுத்திப் பெண்மானை மட்டும் வேட்டையாட அனுமதித்தபோது பெருங்கூச்சல் கிளம்பிற்று.

காடும் சேதமுற்றது. அலிகேனிப் பிரதேசத்தில் காட்டிலாகா ஆராய்ச்சியாளர், வேலியிட்ட அடைப்புகளில் வெவ்வேறு எண்ணிக்கையில் மான்களை விட்டுப் பத்து வருஷம் சோதித்தனர். மான் மிக மிக, இளமரக் கன்றுகளின் வகை குறைந்தது. மான் தின்னாத பெரணியே மூடிற்று. தாழ்ந்த செடிகளில் கூடு கட்டும் பறவைகளும் குறைந்தன. இன்று நிற்கும் மரம் விழுந்தால் அவ்விடத்தை நிரப்பக் கன்று இல்லை என்ற நிலை தோன்றிற்று.

2001-இல் ஆண்மானையும் பெண்மானையும் ஒரே பருவத்தில் வேட்டையாட இடமளிக்கப்பட்டது. 2002-இல், இளம் ஆண்மான்கள் தப்பி வளரும்பொருட்டு, கொம்பில் குறித்த கிளைகள் இல்லாதவற்றைச் சுடலாகாது என்று விதிக்கப்பட்டது. மான் தொகை இறங்கிற்று. "கட்டணம் கொடுப்பவர் நாங்கள், காட்டில் மானைக் காணோமே!" என்று பல வேட்டைக்காரர் வெகுண்டனர். சிலர் நியாயஸ்தலம் வரை சென்றனர். அவர்கள் கோபம் முற்றும் நியாயமற்றதன்று. தாம் போட்ட பணத்திற்குக் கணக்குக் கேட்கப் பங்குதாரனுக்கு உரிமையுண்டு. ஆனால் காட்டின் கொள்ளளவு கையெண்ணிக்கையால் கூடுவதில்லை. அங்கத்தினர் விரும்புகிறார்கள் என்பதற்காகச் சேமநிதியையும் சேர்த்து இலாபப் பங்காகப் பிரித்துக் கொடுக்கும் பஞ்சாயத்தார், அவ்வருஷம் புகழ் பெறுவர். மறுவருஷம் சங்கத்தை மூடுவர்.

இப்போது இராஜ்யம் பல பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவிலும் காட்டின் நிலை, மானின் தொகை இவற்றைப் பார்த்துப் பெண்மான் லைசென்ஸ் இத்தனை என்று வருஷந்தோறும் பகிரங்கக் கூட்டத்தில் நிர்ணயிக்கப்படுகிறது. ஆண்மானோ லைசென்ஸ் ஒன்றுக்கு வருஷத்தில் ஒன்றே. 2023-24-ஆம் பருவத்தில் 4 லட்சத்திற்கு மேற்பட்ட மான்கள் வேட்டையாடப்பட்டன. அவற்றில் பாதிக்கு மேல் கொம்பற்றவை. அவ்வளவு எடுத்தும் மந்தை நிற்கிறது.

இறைச்சியும் நோயும்

வேட்டையாடிய மானின் இறைச்சியை விற்கலாகாது, உண்ணலாம், கொடுக்கலாம். 1991 முதல் அங்கே நடந்துவரும் தருமத் திட்டம் ஒன்றின் மூலம், வேட்டைக்காரர் அளிக்கும் மானிறைச்சி சுத்தம் செய்யப்பட்டு ஏழைகளுக்கு உணவாகிறது. ஈயக் குண்டின் நுண்துகள்கள் இறைச்சியில் தங்கக்கூடும் என்று கண்டபின், காயத்தைச் சுற்றியுள்ள சதையைத் தாராளமாக வெட்டியெறியும்படி போதிக்கின்றனர். செப்புக் குண்டை உபயோகிப்போரும் உளர்.

மான்களை மெலியச் செய்து கொல்லும் தீராத மூளை நோய் ஒன்று 1967-இல் கொலராடோவில் முதலில் காணப்பட்டது. 2012-இல் பென்ஸில்வேனியாவிலும் அது புகுந்தது. நோய்ப்பிரதேசத்திலிருந்து மானின் தலையையும் முதுகெலும்பையும் வெளியே கொண்டுசெல்லலாகாது. தலையைச் சோதனைக்குக் கொடுக்கப் பொதுநிலங்களின் அருகே பெட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. இந்நோய் மனிதரைத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. எனினும் நோயுள்ள மானை உண்ணலாகாது என்பதே வைத்தியர் ஆலோசனை.

ஒரு எச்சரிக்கை

இவ்வரலாற்றைப் படித்து எவரும் துப்பாக்கியைத் துடைக்கத் தொடங்க வேண்டாம். இந்திய நாட்டில் 1972-ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி புள்ளிமான், கடமான் முதலியவற்றை வேட்டையாடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் பெற்றிருப்பதால் மானைச் சுடும் உரிமை உண்டாவதில்லை. பயிர்ச்சேதம் நேர்ந்தால் வன இலாகாவினரிடம் மனுக் கொடுப்பதே முறை.

கொள்ளத்தக்கது துப்பாக்கி அன்று என்பது இப்போது விளங்கும். பென்ஸில்வேனியா ஜனங்கள் நான்கு காரியங்களைச் செய்தனர். எடுப்பவன் கொடுக்க வேண்டும் என்றனர். கொடுத்த பணத்திற்கு வேலியிட்டனர். எடுக்கும் அளவை எண்ணிப் பார்த்து நிர்ணயித்தனர். அளவு பெரும்பான்மையோர்க்குக் கசந்தபோதும் எண்ணைக் கைவிடவில்லை. மேய்ச்சல் நிலமோ, ஏரிமீனோ, விறகுக் காடோ, சங்கத்துக் கடன் நிதியோ, பொதுச்சொத்து எதுவாயினும் இந்நான்கும் பொருந்தும். மகாசபைக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும்போது எழுந்து சென்றுவிடும் அங்கத்தினன், காட்டில் சீட்டுக் கட்டாமல் மானைத் தூக்கிச் செல்பவனுக்கு வெகுதூரத்தில் இல்லை.